ஆர்தர் அலெக்சாண்டரும் பெயரற்ற வாத்தியக்காரர்களும்

பீட்டில்ஸ் குழுவினரின் முதலாவது நெடுந்தட்டான 'பிளீஸ் பிளீஸ் மீ' 1963 மார்ச் 22 ஆம் திகதி பிரித்தானியாவில் வெளியானது. பதினான்கு பாடல்களைக் கொண்ட அந்தத் தட்டின் முதற்பக்கத்தில் மூன்றாவதாக இடம்பெற்ற பாடல் 'ஆனா'. ஜோன் லெனன் கடுமையான தடிமனுடன் பாடிய பாடல் அது. பெப்ரவரி 11 ஆம் திகதி ஒரே நாளில், அபே றோட் கலையகத்தில் பத்துப் பாடல்களை அவர்கள் பதிவு செய்து முடித்தார்கள். அந்தக் கரகரப்புக்கும் களைப்புக்கும் அடியில் வேறொரு சோகமும் அந்தப் பாட்டில் இருப்பதை உன்னிப்பாகக் கேட்பவர்கள் உணரலாம். அது லெனனுடைய சோகம் அல்ல. தட்டின் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் வட்டக் கடதாசியில், பாடலின் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் ஒரேயொரு சொல் அச்சிடப்பட்டிருக்கும்: அலெக்சாண்டர்.

எனது மாமா ஒருவரிடம் இந்த இசைத்தட்டு இருந்தது. அறுபதுகள் முடிந்த பிறகு பிறந்தவன் என்பதால், அந்தக் காலத்தின் இசையை நான் அறிந்துகொண்டது மூத்தவர்களின் அலுமாரிகளில் இருந்துதான். அவர்கள் அதை அறிந்துகொண்டதோ பெரும்பாலும் இலங்கை வானொலியில் இருந்து. வேர்னன் கொறெயா, ஜிம்மி பறூச்சா போன்றோர் ஆங்கிலச் சேவையில் ஒலிபரப்பிய மேற்கத்தைய பாடல்களைக் கேட்பதற்குக் கொழும்பில் மாத்திரமன்றி, கடல் கடந்து இந்தியாவின் நகரங்களிலும் ஒரு பெரும் நேயர் கூட்டம் இருந்தது. தமிழ் வர்த்தக சேவையிலும் ஒரு நல்ல பழக்கம் இருந்ததை வாசகர்கள் நினைவுகூரக்கூடும். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பாடலை இயற்றியவர் என்று வரிசையாகச் சொல்லிய பின்னரே அறிவிப்பாளர் பாடலை ஒலிக்கவிடுவார். கண்ணதாசனையும் மருதகாசியையும் பெயரால் பிரித்தறிய எமது வீடுகளில் உள்ளவர்கள் கற்றுக்கொண்டது அவ்வாறுதான். ஆனால், பாட்டின் நடுவே நெஞ்சைத் தொடும்படி வயலின் வாசித்தவர் யார் என்று எவரும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

மாமாவின் தட்டில் இருந்த அந்த அலெக்சாண்டர் யார் என்று நான் தேடத் தொடங்கியது வெகு காலத்திற்குப் பின்னர்.

ஆர்தர் அலெக்சாண்டர் 1940 மே 10 ஆம் திகதி அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்ட் என்ற சிறு நகரில் பிறந்த கறுப்பினத்தவர். டெனசி ஆற்றின் இரு கரைகளிலும் ஷெஃபீல்ட், ஃபுளோரன்ஸ், மசில் ஷோல்ஸ் என்று நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் அவை. ஐம்பதுகளின் இறுதியில் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் டொம் ஸ்டஃபோர்ட் என்ற இளைஞர் ஓர் எளிய ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்தி வந்தார். கடை அவருடைய தந்தையாருக்குச் சொந்தமானது. வெள்ளையின இளைஞர்கள் கூடிய அந்த மேல்மாடிக்கு, ஹோட்டல் ஒன்றில் பயணப்பெட்டி சுமக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலெக்சாண்டர், தாம் எழுதிய பாடல்களுடன் வந்து போனார். அவருடைய முதலாவது தட்டு 'சாலி சூ பிறவுண்' 1960 இல் ஜூன் அலெக்சாண்டர் என்ற பெயரில் வெளியாகி, எவராலும் கவனிக்கப்படாமல் மறைந்தது.

அடுத்த ஆண்டு ரிக் ஹோல் என்பவர் ஸ்டஃபோர்டிடம் இருந்து பிரிந்து, மசில் ஷோல்ஸில் புகையிலைக் களஞ்சியமாக இருந்த கட்டடம் ஒன்றில் தமது சொந்தக் கலையகத்தை அமைத்தார். அங்கே அலெக்சாண்டர் பாடிப் பதிவான பாடல்தான் 'யூ பெட்டர் மூவ் ஒன்'. ஒரு பெண்ணை நேசிக்கும் ஏழை இளைஞன், அவளைத் தன் செல்வத்தால் கவர முனையும் மற்றொருவனிடம் விலகிப் போகும்படி கேட்பதே பாட்டின் பொருள். கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். மிரட்டலோ வீராப்போ அதில் கிடையாது. அலபாமாவில் ஒரு கறுப்பின இளைஞன் இன்னொருவனைப் பார்த்து 'போய்விடு' என்று சொல்வதற்குக்கூட எத்தனை பணிவு வேண்டியிருந்தது என்பதை அந்தக் குரலில் நான் கேட்கிறேன். இது எனது வாசிப்பு மாத்திரமே.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1961 மே மாதத்தில் இதே அலபாமாவின் அனிஸ்டன் நகருக்கு அருகில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக அமர்ந்து பயணித்த பஸ் ஒன்று தீயிடப்பட்டது. பேர்மிங்ஹாமிலும் மொன்ட்கொமரியிலும் அந்தப் பயணிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அதே ஆண்டில், அதே மாநிலத்தின் வடமூலையில் ஒரு பழைய களஞ்சியத்திற்குள் ஒரு கறுப்பினப் பாடகரும், நோர்பட் புட்னம், டேவிட் பிறிக்ஸ், ஜெரி கரிகன் முதலான வெள்ளையின இளைஞர்களும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று வேலை செய்தார்கள். இதைப் புரட்சி என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவர்களில் எவரும் அப்படி நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

ரிக் ஹோல் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு நாஷ்வில் நகரில் படியேறிய இசைத்தட்டு நிறுவனங்கள் பல அவரைத் திருப்பி அனுப்பின. இறுதியில் டொட் நிறுவனம் அதனை வாங்கி வெளியிட்டது. 1962 மார்ச் மாதத்தில் அந்தப் பாடல் பில்போர்ட் சஞ்சிகையின் தரவரிசையில் 24 ஆவது இடத்தைப் பிடித்தது. அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு ரிக் ஹோல் புதிய கலையகத்தைக் கட்டினார். வில்சன் பிக்கெட்டும் அரீதா ஃபிராங்ளினும் பின்னர் வந்து பாடிய, உலகப் புகழ்பெற்ற ஃபேம் கலையகம் அதுவே. அதாவது, மசில் ஷோல்ஸ் என்ற பெயர் இசை வரலாற்றில் இடம்பிடிக்க முதற்கல்லை வைத்தது பெட்டி சுமந்த ஒருவரின் பாட்டு. ஆனால் அந்தப் புதிய கட்டடத்தின் பலன் அவருக்குக் கிட்டவில்லை. டொட் நிறுவனம் அவரை நாஷ்வில்லுக்கு அழைத்துச் சென்றுவிட்டது.

'ஆனா' 1962 இல் வெளியானது. முதலாவது பாடலில் மற்றவனை விலகச் சொன்னவர், இந்தப் பாடலில் பெண்ணையே அவனிடம் போகச் சொல்லிவிட்டுத் தாம் விலகிக்கொள்கிறார். அலெக்சாண்டருடைய மனைவியின் பெயர் ஆன். இரண்டு பாடல்களுக்கும் இடையில் அந்த வீட்டில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ரிதம் அன்ட் புளூஸ் தரவரிசையில் பத்தாவது இடம் வரை சென்ற பாடல், பொதுத் தரவரிசையில் 68 ஆவது இடத்துடன் நின்றுவிட்டது. அமெரிக்காவைப் பொறுத்தவரையில் அவ்வளவுதான்.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறாக இருந்தது. அலெக்சாண்டரின் தட்டுகள் இங்கிலாந்தில் சொற்ப அளவிலேயே கிடைத்தன. கிடைத்தவற்றை வாத்தியக்குழு இளைஞர்கள் தேய்ந்து போகும்வரை கேட்டு மனனம் செய்தார்கள். பீட்டில்ஸ் குழுவினர் 'ஆனா'வுடன், அவர் பாடிய 'எ ஷொட் ஒஃப் ரிதம் அன்ட் புளூஸ்', 'சோல்ஜர் ஒஃப் லவ்' ஆகியவற்றையும் பிபிசி வானொலிக்காகப் பாடினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964 ஜனவரியில் 'யூ பெட்டர் மூவ் ஒன்' பாடலை வெளியிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1988 இல், எவருமே கவனிக்காத அந்த முதலாவது பாடலான 'சாலி சூ பிறவுணை' பொப் டிலன் பாடினார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் ஆகிய மூன்று தரப்பினரும் பாடல்களை எடுத்தாண்ட ஒரேயொரு பாடலாசிரியர் அலெக்சாண்டர் என்று இசை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. ஆரம்ப நாட்களில் தாங்கள் ஆர்தர் அலெக்சாண்டரைப் போல ஒலிக்கவே விரும்பியதாகப் போல் மக்கார்ட்னி பின்னாளில் கூறியிருக்கிறார்.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. 1964 பெப்ரவரி 11 ஆம் திகதி வாஷிங்டனில் நடைபெற்ற பீட்டில்ஸின் முதலாவது அமெரிக்கக் கச்சேரியில், அவர்களுக்கு முன்னர் மேடையேறிய டொமி ரோ என்ற பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்கள் புட்னம், பிறிக்ஸ், கரிகன் ஆகிய அதே மசில் ஷோல்ஸ் இளைஞர்கள். லெனன் கேட்டுக் கேட்டுப் படித்த தட்டுகளில் வாசித்தவர்கள் அன்று அவருடைய மேடைக்குப் பின்னால் நின்றார்கள். அலெக்சாண்டர் அங்கே இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதியில் இருந்து அவருடைய வாழ்வு இறங்குமுகம். உடல்நலமும் மனநலமும் குன்றின. போதைப்பொருளும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனைகளில் காலம் கழிந்தது. 1972 இல் வோர்னர் நிறுவனத்துக்காக ஒரு தட்டு வெளியிட்டார். 'பேர்னிங் லவ்' என்ற பாடல் அதில் இருக்கிறது. அதே ஆண்டில் எல்விஸ் பிரெஸ்லி அதே பாடலைப் பாடி உலகையே ஆட்டுவித்தார். முதலில் பாடியவர் யாரென்று கேட்பதற்கு எவருக்கும் தேவை ஏற்படவில்லை. 1975 இல் ஒரு பாடல் 45 ஆவது இடம் வரை ஏறியது. அதற்குப் பின்னர் அவர் இசைத்துறையை விட்டே விலகி, ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில் ஒரு சமூக சேவை நிலையத்தின் பஸ் சாரதியானார்.

உலகின் பெருங்குழுக்கள் எல்லாம் பாடிய பாடல்களை எழுதியவர் ஏன் பஸ் ஓட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடை, அமெரிக்க இசைத்தொழில் இயங்கும் முறையில் இருக்கிறது. ஒரு பாடல் விற்கும்போது அதை எழுதியவருக்கு ஒரு தொகையும், அதன் பதிப்புரிமையைக் கைவசம் வைத்திருக்கும் வெளியீட்டாளருக்கு ஒரு தொகையும் சேரும். இருபது வயதில், சட்டத்தரணி இல்லாமல், முன்பணமாகக் கிடைக்கும் சிறு தொகைக்காக ஒப்பமிட்ட பத்திரத்தில் அந்த உரிமை கைமாறிவிடும். மிகுதியாக இருக்கும் எழுத்தாளரின் பங்கும் கணக்குக் காட்டும் பொறுப்பு எவரிடம் இருக்கிறதோ அவருடைய நேர்மையைப் பொறுத்தது. பாடியவருக்கோ வாத்தியம் வாசித்தவருக்கோ வானொலி ஒலிபரப்புக்காக அமெரிக்க நிலையங்கள் ஒரு சதமும் கொடுப்பதில்லை. இயற்றியவருக்கும் வெளியீட்டாளருக்கும் மாத்திரமே அங்கு கொடுப்பனவு உண்டு. ஐரோப்பாவில் அப்படியில்லை. அலெக்சாண்டருக்குத் தமது பாடல்களில் இருந்து கிடைத்தது மிகச் சொற்பம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1990 இல் அலபாமா இசைப் பெருமக்கள் வரிசையில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. 1991 இல் நியூயோர்க்கின் பொட்டம் லைன் அரங்கில் பாடினார். 1993 இல் 'லோன்லி ஜஸ்ட் லைக் மீ' என்ற புதிய இசைத்தட்டு வெளியாகி விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. அந்தக் குரலில் முதுமை தெரிகிறது. ஆனால் அந்தப் பணிவு அப்படியே இருக்கிறது. நாஷ்வில்லில் மேடையேறிய சில நாட்களில், 1993 ஜூன் 9 ஆம் திகதி, மாரடைப்பினால் அவர் காலமானார். வயது 53. மறு ஆண்டு எல்விஸ் கொஸ்டெலோ, ரொபர்ட் பிளான்ட் உட்படப் பலர் பாடிய ஓர் அஞ்சலித் தட்டு வெளிவந்தது. இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதில் எந்த நாடும் சளைத்ததில்லை.

பெயரை இழந்தவர்கள் பட்டியல் நீளமானது. 1962 நவம்பரில் முதலிடம் பிடித்த 'ஹீ இஸ் எ ரெபல்' தட்டில் கிறிஸ்டல்ஸ் என்ற குழுவின் பெயர் இருக்கும். உண்மையில் பாடியவர் டார்லீன் லவ். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பெயரை மாற்றி வெளியிட்டார். பின்னர் வறுமைக்கு உள்ளாகி வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போன லவ், ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது வானொலியில் தமது நத்தார்ப் பாடலைக் கேட்டார். அதுவே தம்மை மீண்டும் பாட அனுப்பியது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு நல்ல காலம் வந்தது. சுப்ரீம்ஸ் குழுவுக்கு அந்தப் பெயரையே தெரிந்தெடுத்த ஃபுளோரன்ஸ் பலார்டுக்கு வரவில்லை. 1967 இல் குழுவில் இருந்து நீக்கப்பட்டு, வழக்காடித் தோற்று, 1976 பெப்ரவரியில் 32 வயதில் மறைந்தார்.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் இத்துறைக்குள் வந்த ஆரம்ப வருடங்களில், எழுதியவரின் பெயரைப் பத்திரிகையில் போடுவது ஆசிரியரின் தயவைப் பொறுத்த விடயம். இரவிரவாக விழித்திருந்து நான் எழுதிய கட்டுரை ஒன்று 'எமது விசேட நிருபர்' என்ற பெயரில் வெளியாகி, அடுத்த நாள் தேநீர்க்கடையில் இருவர் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன். அதை எழுதியவன் நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. காரணம் கூச்சமா, அவர்கள் நம்பமாட்டார்கள் என்ற பயமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மோட்டவுண் நிறுவனத்தின் வாத்தியக்காரர்களின் கதையைப் பின்னர் படித்தபோது அந்தத் தேநீர்க்கடை நினைவுக்கு வந்தது.

பெரி கோர்டி தமது குடும்பச் சேமிப்பில் இருந்து 800 டொலர் கடன் பெற்று 1959 ஜனவரியில் டெட்ரோயிட் நகரில் தொடங்கிய நிறுவனம் மோட்டவுண். வெஸ்ட் கிராண்ட் வீதியில் ஒரு சாதாரண வீடு. அதன் கலையகத்தை வாத்தியக்காரர்கள் பாம்புக்குழி என்று அழைத்தார்கள். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டொப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பின்னணியில் வாசித்தவர்களோ பெரும்பாலும் ஒரே கூட்டத்தினர். ஃபங்க் பிரதர்ஸ் என்று தமக்குள் பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டத்தினரில் பெரும்பாலானோர் பகலில் கலையகத்திலும் இரவில் டெட்ரோயிட்டின் ஜாஸ் விடுதிகளிலும் வாசித்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது வேலைக்குரிய கூலி. தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் பங்கு கிடையாது. தட்டின் உறையில் பெயரும் கிடையாது. பிற நிறுவனங்களுக்கு வாசிப்பது தடைசெய்யப்பட்டிருந்த போதிலும், வயிற்றுப்பாட்டுக்காக இரகசியமாகச் சென்று வாசித்தார்கள். ஜோன் லீ ஹூக்கரின் 'பூம் பூம்' அவ்வாறு பதிவானது.

அவர்களில் தலையானவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து, 1954 இல் டெட்ரோயிட்டுக்கு வந்தவர். ஜாஸ் இசையில் பயன்படும் பெரிய நிலைவாத்தியத்தில் பயின்று, பின்னர் மின்சார பேஸ் கிற்றாருக்கு மாறினார். அதுவரை பேஸ் வாத்தியம் என்பது தாளத்துடன் சேர்ந்து ஒரே சுரத்தை இடித்துக்கொண்டிருக்கும் காவற்காரன். ஜேமர்சன் அதைப் பாட வைத்தார். வலது கையின் ஒரேயொரு சுட்டுவிரலால் அவர் வாசித்த ஓட்டங்கள் பாடகரின் குரலுக்குக் கீழே இன்னொரு பாட்டாக ஓடும். தந்திகளை மாற்றுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அழுக்கேறிய பழைய தந்தியில்தான் உயிர் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. கருநாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம்: பாடகரைப் பின்தொடர்ந்து சென்றுகொண்டே, எந்த இடத்தில் சற்று முந்தலாம் என்று அறிந்த நல்ல மிருதங்க வித்துவான் அவர்.

மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' ஒலிப்பதிவின்போது, ஜேமர்சன் மதுச்சாலை ஒன்றில் இருந்து அழைத்து வரப்பட்டார் என்றும், நிமிர்ந்து உட்கார இயலாத நிலையில் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்றும் கூறப்படுகிறது. அதைக் கேட்டுவிட்டுத் தலைப்பாடலை இன்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். 1971 இல் வெளியான அந்தத் தட்டின் உறையில்தான் மோட்டவுண் முதன்முதலாக வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது. நிறுவனம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. தாளவாத்தியக் கலைஞர் பெனி பெஞ்சமின் 1969 இலேயே இறந்துவிட்டார்.

மறு ஆண்டு, 1972 இல், நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்மாறியது. ஒரு நாள் வழக்கம்போல வேலைக்குப் போனபோது கதவில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலில் இருந்தே அதை அறிந்துகொண்டதாக வாத்தியக்காரர்கள் சிலர் பின்னாளில் கூறினார்கள். ஜேமர்சனும் மேற்குக் கரைக்குப் போனார். அங்கு புதிய பாணிகள், புதிய முகங்கள். அவருடைய பழைய தந்திகளை விரும்புவார் இல்லை. மது அவரை முற்றாக ஆட்கொண்டது. 1983 மார்ச் 25 ஆம் திகதி பசடீனா நகரில் மோட்டவுண் தனது வெள்ளிவிழாக் கலைநிகழ்ச்சியைக் கோலாகலமாக நடத்தியது. மைக்கல் ஜக்சன் முதன்முதலாகப் பின்நோக்கி வழுக்கி நடந்து காட்டிய மேடை அதுவே. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. நுழைவுச்சீட்டை விலைகொடுத்து வாங்கி, மேல்மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஆகஸ்ட் 2 ஆம் திகதி, 47 வயதில் உயிர் நீத்தார்.

தமக்கு பேஸ் வாத்தியத்தைக் கற்பித்தவர்களில் ஒருவராக மக்கார்ட்னி அவரையும் குறிப்பிடுகிறார். அந்தக் காலத்தில் ஆளின் பெயர்கூட மக்கார்ட்னிக்குத் தெரியாது. அலன் ஸ்லட்ஸ்கி என்பவர் ஜேமர்சனின் வாழ்க்கையையும் வாசிப்பையும் ஆராய்ந்து 1989 இல் ஒரு நூல் எழுதினார். 'ஸ்டாண்டிங் இன் த ஷடோஸ் ஒஃப் மோட்டவுண்' என்ற அந்த நூலின் பெயரிலேயே 2002 இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஜேமர்சன் 2000 ஆம் ஆண்டில் றொக் அன்ட் றோல் பெருமக்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார்.

அந்தப் படம் சொல்லும் சம்பவம் ஒன்றை மாத்திரம் இங்கு குறிப்பிடுகிறேன். டெம்ப்டேஷன்ஸ் பாடி 1965 மார்ச்சில் முதலிடம் பெற்ற 'மை கேர்ள்' பாடலை அறியாதவர்கள் குறைவு. பாட்டுத் தொடங்கும்போது படியேறிச் செல்வதுபோல ஒலிக்கும் கிற்றார் வாசிப்பு ரொபர்ட் வைட் என்பவருடையது. பல ஆண்டுகளின் பின் லொஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உணவகத்தில் அவர் அமர்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் அந்தப் பாடல் வந்தது. உணவு கேட்டு வந்த பரிசாரகரிடம், இதை வாசித்தது நான்தான் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பின்னர், தம்மை ஒரு பைத்தியக்காரக் கிழவன் என்று அந்த இளைஞன் எண்ணிவிடுவான் என்று தோன்றவே, பேச்சை மாற்றிச் சாப்பாட்டைச் சொல்லி அனுப்பினார். ரொபர்ட் வைட் 1994 இல் இறந்தார். படம் வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பாக.